அணை ஒன்று, வாய்க்கால் பல: கம்பம் பள்ளத்தாக்கில் வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தமிழகத்தின் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாமல் கிடக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் அதே கடிதம்தான். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்று நான்கு தொகுதிகள் கொண்ட தேனி மாவட்டத்துக்கு ஆக மொத்தம் நாற்பது கோரிக்கைகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், பதினோராவது இடத்தில் நின்று விடுபட்டது எது, ஏன் விடுபட்டது என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு எழுதப்பட்ட பட்டியல் அது. வாக்குக் கேட்டு வரும்போதே எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஊராரின் முன்னால் அதை எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்?

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் முல்லைப் பெரியாறு. வேறு பதில் வந்தால்தான் ஆச்சரியம். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணையில் 1895 முதல் மேற்கே போகவேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வருகிறது. 1979-இல் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006-இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. அந்த நவம்பரில் நீர்மட்டம் 142-ஐத் தொட்டபோது பள்ளத்தாக்கு திருவிழா கண்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு வெள்ளைக்காரப் பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயர். அவர் பிறந்த ஜனவரி 15-இல் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாத நன்றி இது.

சிக்கல் என்னவென்றால், அணை விஷயத்தில் இங்கே இரண்டு கருத்து கிடையாது. தி.மு.க., அ.தி.மு.க., கம்யூனிஸ்ட், நாம் தமிழர், யார் வந்தாலும் 152 அடி என்றுதான் பேசுவார்கள். எல்லோரும் ஒன்றையே சொல்லும் இடத்தில் விவாதத்துக்கு என்ன வேலை? நீர்மட்டத்தை முடிவு செய்யும் அதிகாரமும் கம்பம் எம்.எல்.ஏ.வின் கையில் இல்லை. அது உச்ச நீதிமன்றத்திடமும், கண்காணிப்புக் குழுவிடமும், 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் உருவாக்கிய தேசிய ஆணையத்திடமும் இருக்கிறது. வேட்பாளருக்கு இதைவிட வசதியான தலைப்பு வேறில்லை. எவ்வளவு உரக்கப் பேசினாலும் செலவில்லை, உள்ளூரில் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள் அணைக்குக் கீழே, தண்ணீர் லோயர் கேம்ப்பில் வந்து விழுந்த பிறகு தொடங்குகின்றன.

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஆற்றின் இரு பக்கமும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் திறப்பது வழக்கம். அரசாணைகளில் வேறு இரண்டு கணக்குகளும் உண்டு: 18-ஆம் கால்வாயின் கீழ் சுமார் 4,600 ஏக்கர், பி.டி.ஆர். கால்வாய், தந்தை பெரியார் கால்வாய் இரண்டிலும் சேர்த்து சுமார் 5,100 ஏக்கர். இருபோகக்காரருக்கு முதல் உரிமை. மற்றவர்களுக்கு நீர் இருப்பைப் பார்த்து, மழையைப் பார்த்து, பெரும்பாலும் புரட்டாசி ஐப்பசியில் மனுக்கொடுத்துக் காத்திருந்து வாங்கும் தண்ணீர். உத்தமபாளையம், போடிப் பக்கத்துக் கண்மாய்க்காரருக்கு அதுவே உயிர். கண்மாய் நிரம்பினால்தான் கிணறு ஊறும். ஆண்டிபட்டிக்காரருக்கு அதுவும் கிடையாது. முல்லையாற்றுத் தண்ணீரைத் தங்கள் கண்மாய்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பல தேர்தல்களாக அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 1959-இல் கட்டிய வைகை அணை இருக்கிறது. 71 அடி வரை நீர் தேக்கலாம். அதில் தேங்கும் நீர் மதுரைக்கும் அதற்குக் கீழே உள்ள மாவட்டங்களுக்கும் போகிறது. அணையைப் பார்த்துக்கொண்டு காய்ந்த கண்மாயில் ஆடு மேய்ப்பவர்களின் தொகுதி ஆண்டிபட்டி.

இருபோகத்தில் ஒரு போகத்தைக் குறைத்துக்கொண்டால் 18-ஆம் கால்வாயை ஆண்டுதோறும் குறித்த தேதியில் திறக்க முடியுமா? நெல்லிலிருந்து வாழைக்கும் தென்னைக்கும் மாறியவர்களுக்கு அதே முதல் உரிமை தொடர வேண்டுமா? இவற்றுக்கு ஆமென்றாலும் இல்லையென்றாலும் வேட்பாளருக்குப் பள்ளத்தாக்கின் ஒரு பாதி எதிரியாகும். அதனால்தான் எவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கால்வாய் திறப்பது மாநில அரசின் ஆணை. பாசனத்தாரர் சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் எழுந்து நின்று பேச முழு உரிமையுள்ள விஷயம் 152 அடி அல்ல, இதுதான்.

இதைவிடக் கூச்சமான கேள்வி குழாய்களைப் பற்றியது. ஆற்றங்கரையை ஒட்டிக் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, கிலோமீட்டர் கணக்கில் குழாய் பதித்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த காரியம். அதிகாரிகள் அவ்வப்போது மின் இணைப்பைத் துண்டிப்பார்கள், மனுக்கள் போகும், வழக்குகள் நடக்கும், மறுபடியும் மோட்டார் ஓடும். மேட்டில் வாழை வைத்திருப்பவரைத் திருடர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவரிலும் இரண்டு வகை உண்டு. கடன் வாங்கிக் குழாய் போட்ட மூன்று ஏக்கர்க்காரர் ஒருவர். வெளியூரில் இருந்துகொண்டு நூறு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் இன்னொருவர். இருவரையும் ஒரே தராசில் வைப்பீர்களா என்று வேட்பாளரிடம் கேட்டால், அவருடைய தேர்தல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே வெளியே வந்துவிடும்.

மதுரைக் குடிநீர்த் திட்டம் இதே கேள்வியின் பெரிய வடிவம். லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்கு நேரடியாகக் குழாய் வழியே நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். செலவு ஏறக்குறைய 1,300 கோடி ரூபாய். பள்ளத்தாக்கு விவசாயிகள் இதை எதிர்த்துப் போராடினார்கள். மதுரைக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆற்றிலேயே விட்டு, வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கள் கிணறும் ஊறும் என்பது அவர்கள் வாதம். ஆற்றில் விட்டால் வழியில் வீணாகும், கம்பம் முதல் தேனி வரை ஊர்களின் சாக்கடை கலக்கும், குழாயில் வந்தால் சுத்தமாக வரும் என்பது மறுபக்க வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்பதைக் காரணம் காட்டிப் பெருநகரத்துக்குத் தனிக்குழாய் போட்டால், அதே ஆற்றங்கரையில் உறைகிணறு வைத்துக் குடிக்கும் பேரூராட்சிகளுக்கு என்ன வழி என்பது என் கேள்வி. ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நான்கு தொகுதிக்கும் ஐந்தாண்டுக்கும் சேர்த்தால் 60 கோடி. அந்தப் பணத்தில் நிழற்குடை கட்டலாம், சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதற்குச் சட்டமன்றத்தில் வாதாட வேண்டும். மதுரைக்காரர் ஆளும் கட்சிக்கு வேண்டியவர், எதிர்க்கட்சிக்கும் வேண்டியவர் என்கிறபோது, கம்பத்து வேட்பாளர் தலைமைக்கு எதிராக எவ்வளவு தூரம் பேசுவார்?

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பு 2018-இல் நாடு முழுக்க 534 மக்களவைத் தொகுதிகளில் இரண்டேமுக்கால் லட்சம் பேரிடம் கேட்டது: உங்களுக்கு எது முக்கியம்? வேலைவாய்ப்பு என்றவர்கள் 46.8 விழுக்காடு, நல்ல மருத்துவம் 34.6, குடிநீர் 30.5. இப்படிப்பட்ட கணக்கெடுப்புகள் உதவாதவை அல்ல. ஆனால் குடிநீர் என்று கம்பத்தில் ஒருவர் சொல்வதும் மதுரையில் ஒருவர் சொல்வதும் அந்த அட்டவணையில் ஒரே வரிசையில் விழும். இருவரும் கேட்பது ஒரே தண்ணீரை என்பது அட்டவணைக்குத் தெரியாது.

வேலை என்றால் பள்ளத்தாக்கில் முதலில் நினைவுக்கு வருவது ஜீப். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். களை எடுப்பது, மருந்தடிப்பது, காய் எடுப்பது; பொழுது சாய்ந்ததும் அதே ஜீப்பில் இறக்கம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்வதும், கவிழ்ந்த வாரம் மட்டும் சோதனை கெடுபிடியாவதும் ஆண்டுதோறும் செய்தியாக வருகின்றன. இவர்கள் ஏற்றிவிடும் காய் போடியிலும் புற்றடியிலும் உள்ள வாசனைப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபோகிறது. காயின் தரத்துக்கும் விலைக்கும் பதிவு உண்டு. பறித்தவர் எந்த மாநிலத்தின் தொழிலாளி என்பதற்குத்தான் சரியான பதிவில்லை. வீடும் ஓட்டும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில். கூலியும் முதலாளியும் கேரளத்தில். 1979-இன் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் கூட்டிப்போய்த் தங்கவைக்கும் ஆட்களை மனதில் வைத்து எழுதப்பட்டது; காலையில் போய் மாலையில் திரும்பும் பெண்ணை அது நினைக்கவே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தானாகப் போய் வேலை தேடிக்கொண்டவரையும் அது கணக்கில் எடுக்கிறது. நடைமுறை விதிகளில் மாநிலங்களின் பங்கு பெரியது. இந்தப் பெண்களுக்கு என்ன விதி எழுதுவீர்கள், கேரளத்தோடு என்ன பேசுவீர்கள் என்று வேட்பாளரைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

இந்தக் கேள்வி அணைக் கேள்வியோடு இடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கிப் போனார்கள். எல்லை மூடப்பட்டது, தடை உத்தரவு வந்தது. இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்குப் பயந்து காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். ஜீப்புகள் நின்றன. கம்பத்துக் காய்கறியும் அரிசியும் பாலும் கேரளத்துக்குப் போவது நின்றது. அணை உரிமைக்காக நடந்த போராட்டம் நியாயமானது என்று நம்புகிறவன் நான். அதன் விலையை அன்றாடக் கூலியில் கட்டியவர்கள் யார் என்பதைத் தேர்தல் மேடைகளில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. இன்னொரு முறை எல்லை மூடப்பட்டால் அந்தப் பெண்களின் அடுப்புக்கு உங்களிடம் என்ன ஏற்பாடு? இதற்கு மட்டும் ஒவ்வொரு வேட்பாளரும் இரண்டு நிமிடம் பேசினால் போதும், யார் அணையை அறிந்தவர், யார் அணையை வைத்துப் பிழைப்பவர் என்று தெரிந்துவிடும்.

ஆண்டிபட்டிப் பக்கம் டி. சுப்புலாபுரத்திலும் சக்கம்பட்டியிலும் வேலைக் கேள்வி தறிக்கூலியாக வருகிறது. கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் விசைத்தறிகள் நிற்கும். முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடக்கும். சில விழுக்காடு உயர்வோடு மறுபடி ஓடும். உரிமையாளரும் நெசவாளியும் ஒரே ஊர், பல வீடுகளில் ஒரே உறவு. எந்தப் பக்கம் என்று வேட்பாளரைக் கேட்பவர் அங்கே குறைவு.

திராட்சைக்கும் வாழைக்கும் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனைமலையன்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தேனியை வாழைத் தொகுப்பு மாவட்டமாக 2021-இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்தது. குறியீடு வந்ததால் தோட்டத்து வாசலில் கிலோவுக்கு எவ்வளவு கூடியது என்ற ஒரே கேள்வி போதும்.

மேலே மலை. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வருசநாட்டு மலைகளில் தலைமுறையாக இலவு, கொட்டைமுந்திரி வைத்திருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அந்தச் சுருக்கத்துக்குள்ளும் தேனியின் மலைமாட்டுக்காரர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2023-இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது; ஜூன் 5-இல்தான் பிடிபட்டது. யானை எந்த மாநிலத்துப் பிரஜை என்று அப்போது இரண்டு பக்கமும் பேசினார்கள். ஆனால் வருசநாட்டுக் காடு தேறினால்தான் மூல வைகை ஓடும், மூல வைகை ஓடினால்தான் ஆண்டிபட்டிக் கிணறு ஊறும். மேய்ச்சல்காரருக்கு மாற்று நிலம் எங்கே, மலைவிவசாயிக்கு வன உரிமைச் சட்டம் 2006 எதுவரை பொருந்தும், கீழே இருப்பவருக்கு நீர் எப்படி என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் மூவருக்கும் தனித்தனியாக ஒரு வாக்குறுதி கிடைக்கும், அவ்வளவுதான். பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையில் அமைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகம் இதற்கு மறுபக்க உதாரணம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம், பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றியது. 2022-இல் புலி வழித்தடத்தைக் காரணம் காட்டித் தமிழக அரசு வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பெரும்பாலான கட்சிகள் எதிர்த்தன. மலைக்குள் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று போடித் தொகுதிக்காரர் முன்னால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் வேலையைப் பெரிய கட்சி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை என்ற கோரிக்கைக்குத் தனி வரலாறே எழுதலாம். ஏலத்தோட்டத்துக்குச் சுற்றிப்போகும் தூரம் குறையும், பெண்கள் ஜீப்பில் கழிக்கும் நேரம் குறையும், ஆனால் காடு குறுக்கே இருக்கிறது. தேர்தல்தோறும் அது வாக்குறுதியாகத் திரும்பி வருகிறது. வனத்துறை அனுமதி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தேதியோடு சொல்லச் சொன்னால் பாதி வேட்பாளர்கள் அந்த வாக்குறுதியையே விட்டுவிடுவார்கள்.

இவ்வளவு கேள்விகளை வைத்துக்கொண்டு ஊர் ஏன் கேட்காமல் இருந்தது? ஒரு காரணம், இங்கே நின்றவர்களின் உயரம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் போட்டியிட்டபோது நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். தொகுதியில் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்தார். ஜெயலலிதா 1989-இல் போடியில் வென்றார். 2002 இடைத்தேர்தலிலும் 2006-இலும் ஆண்டிபட்டியில் வென்றார். மூன்று முறை முதல்வரான ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்திலும் பிறகு போடியிலும் தொடர்ந்து வென்றார். முதல்வரே நம் எம்.எல்.ஏ. என்கிற பெருமைக்குப் பலனும் இருந்தது: 2004-இல் க. விலக்கில் வந்த அரசு மருத்துவக் கல்லூரி இன்றும் மாவட்டத்தின் உயிர்நாடி. ஆனால் கொடுக்கிறவரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே வளராது. மாவட்டத் தலைநகரின் பெயரில் இருந்த தேனி சட்டமன்றத் தொகுதியே 2008 மறுவரையறையில் காணாமல் போனது. ஊர் பெரிதாக முணுமுணுக்கவில்லை.

இன்னொரு காரணம் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலுக்கு முதல் நாள் வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றியது. வார்டு எண்ணும் வாக்காளர் எண்ணிக்கையும் எழுதிய உறைகளில், தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கில் பணம் இருந்ததாகச் செய்தி வந்தது. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் நின்றவர்கள் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. 2021-இலும் அவர்களேதான். விவாதத்துக்கு இவ்வளவு வசதியான போட்டி உலகத்தில் எங்கும் அமைந்திருக்காது. ஒரு மேடையும் போடப்படவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களில் இங்கே உதவக்கூடியது 1858-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. செனட் இடத்துக்காக லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில், ஊருக்கு மூன்று மணிநேரம் நேருக்கு நேர் பேசினார்கள். ரோடு, பள்ளிக்கூடம் என்று பட்டியல் வாசிக்கவில்லை. அந்த மாநில மக்களையே இரண்டாகப் பிளந்த அடிமைமுறைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இலங்கையில் 2019 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் மார்ச் 12 இயக்கம் என்ற அமைப்பு வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்தது. முன்னணியில் இருந்த கோத்தபய ராஜபக்ச வரவில்லை. ஜெயித்ததும் அவர்தான். ஆகவே, வராதவரின் நாற்காலி காலியாக இருந்தால் மக்கள் பாடம் புகட்டுவார்கள் என்ற ஆசை எனக்கில்லை. காலி நாற்காலிக்குத் தேர்தலில் தண்டனை கிடையாது.

மேடை போடுவதில் நமக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. நடுவரும் உண்டு, நேரம் முடிந்தால் மணியடிக்கும் வழக்கமும் உண்டு. குறைவது தலைப்பு. அதைக் கட்சிகளிடம் விடாமல் ஊரே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பத்தில் நடந்தால் பாசனத்தாரர் சங்கம், ஏலத்தோட்டப் பெண்கள், 18-ஆம் கால்வாய்க் கண்மாய்க்காரர் என்று மூன்று தரப்புக்கும் சமமாகக் கேள்விகள். ஒரே கேள்வியை எல்லா வேட்பாளரிடமும் கேட்பது. பதிலில் அணையின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேச அனுமதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது. முதல் கேள்வி இப்படி இருக்கலாம்: ‘ஜூன் முதல் தேதி அணையில் 120 அடிதான் தண்ணீர் இருக்கிறது. இருபோகத்துக்குத் திறப்பீர்களா, 18-ஆம் கால்வாய்க்கு நிறுத்திவைப்பீர்களா, மதுரைக் குழாய்க்கு எவ்வளவு? யாருக்கு இல்லை என்று சொல்லப் போகிறீர்களோ, அவர்கள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தே சொல்லுங்கள்.’